250 கிராம் முந்திரின்னா எத்தன கப்பு? பலகாரம் சொதப்பின விதத்த வச்சே தப்பு எங்கன்னு கண்டுபிடிக்கலாம்

தீபாவளிக்கு ரெண்டு நாள் இருக்கும்போது ராத்திரி பதினோரு மணிக்கு முந்திரி கத்லி கிண்ட ஆரம்பிச்சேன். குறிப்புல முந்திரி 250 கிராம், சர்க்கரை 175 கிராம்னு இருந்துச்சு, தராசுல பேட்டரி செத்துப்போச்சு, அந்த நேரத்துல எந்த கடை தொறந்திருக்கும், சரி கப்புலயே அளந்துக்குவோம்னு பாத்தா கப்போட அடியில 250 மிலின்னு பொறிச்சிருக்கு. அட, கணக்கு கச்சிதமா இருக்கேன்னு ஒரு கப்பு முந்திரிய அள்ளி மிக்ஸில போட்டேன். சர்க்கரை மட்டும் ஒரு கப்பு 200 கிராம்னு அம்மா சொல்லி மனசுல நின்னதால முக்கால் கப்பும் மேல ரெண்டு டேபிள்ஸ்பூனும் சரியாவே போட்டேன். முக்கால் மணி நேரம் கிண்டியும் உருண்டு வரல, காலைல பாத்தா தட்டுல அல்வா மாதிரி கெடந்துச்சு, வீட்டுல எல்லாரும் ஸ்பூன்ல வழிச்சு சாப்பிட்டு "நல்லாதான் இருக்கு"ன்னு சொன்னாங்க, அந்த "தான்"ல எல்லாம் புரிஞ்சுடுச்சு.

250 மிலி கப்புல முழு முந்திரி கொட்டினா 140 கிராம் சில்லறை தான் நிக்கும். 250 மிலி 250 கிராமா இருக்கறது தண்ணிக்கு மட்டும். கப்பு எடத்த தான் அளக்குது, எடைய இல்ல, அந்த எடத்துல முந்திரிக்கு நடுவுல இருக்கற காத்தும் சேர்ந்து தான் அளக்கப்படுது. அதனால "முந்திரி 1 கப்பு எத்தன கிராம்"னு கேட்டா பதில் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு எதிர்கேள்வி இருக்கு: எந்த கப்பு, முந்திரி அப்போ எந்த ரூபத்துல இருந்துச்சு? முழுசா, உடைச்சதா, பொடியா? கீழ இருக்கற எல்லா கோளாறும் கிட்டத்தட்ட இந்த ரெண்டு கேள்விய கேக்காம விட்டதால வர்றது தான்.

மொதல்ல உங்க கப்ப விசாரிங்க

ஒரு 500 மிலி தண்ணி பாட்டில் எடுத்து உங்க கப்புல ஊத்திப் பாருங்க. சரியா ரெண்டு கப்பு ரொம்பி பாட்டில் காலியாச்சுன்னா அது 250 மிலி கப்பு. ரெண்டு ரொம்பி ஒரு வாய் தண்ணி மிச்சம் இருந்தா 240. ரெண்டரை கப்பு வந்தா 200. கிட்டத்தட்ட மூணாவது கப்பும் முக்கால்வாசிக்கு ரொம்புதுன்னா அது ரைஸ் குக்கரோட வந்த 180 மிலி கப்பு, அத அரிசிக்கே வச்சுக்கோங்க. எவர்சில்வர் டம்ளருக்கு அளவே கிடையாது, ஒவ்வொரு வீட்டு டம்ளரும் ஒவ்வொரு ஜாதி. எங்க மாமியார் ஆழாக்குல தான் எல்லாத்தையும் அளப்பாங்க, 8 ஆழாக்கு ஒரு படின்னு அவங்க கணக்கு பிசிறு தட்டாது, ஏன்னா அவங்களுக்கு எல்லாமே அந்த ஒரே ஆழாக்கு தான். பிரச்சன எப்ப வரும்னா அவங்க குறிப்ப நான் என் கப்புல செய்யும்போது தான். மெட்ரிக் அளவு சட்டம் 1956லயே வந்துடுச்சு, அடுப்படிக்கு இன்னும் முழுசா வந்து சேரல.

கப்பு 240ன்னு வச்சுக்கிட்டா, அழுத்தாம கொட்டி மேல தட்டி விட்டா கிராம் கணக்கு சுமாரா இப்படி இருக்கும்:

முழு பாதாம் 140-145
சீவின பாதாம், அதான் மெலிசா செதில் செதிலா வருமே அது, 90
பாதாம் மாவு 95
முந்திரி முழுசு, பாதி கலந்தது 135-140
முந்திரி பொடி 105-115 (இது என் மிக்ஸி கணக்கு, உங்களது கொஞ்சம் மாறும்)
பச்ச வேர்க்கடலை 145
ஓடு எடுத்த பிஸ்தா 120-125
வால்நட் பாதி பாதியா 100, நறுக்கினது 115-120, நைசா பொடிச்சது 80
பீனட் பட்டர் 255-270

250 மிலி கப்புன்னா இதோட 100க்கு 4 கிராம் வீதம் கூட்டிக்கோங்க, நட்ஸ்ல அந்த 4 கிராம் பெருசா ஒண்ணும் பண்ணாது. 180 மிலி கப்புன்னா முக்கால்வாசியா கொறச்சுடணும், இது பண்ணும்.

அந்த வால்நட் வரிய மட்டும் இன்னொரு தடவ பாருங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச வரி அது. பாதி வால்நட் கோணல்மாணலா குழிஞ்சு இருக்கறதால கப்புல நெறைய காத்து நிக்குது, 100 கிராம் தான் அடங்குது. நறுக்கினா துண்டெல்லாம் சந்துபொந்துல போய் உக்காந்துக்குது, எடை ஏறுது. இன்னும் நைசா பொடிச்சா பஞ்சு மாதிரி பொங்கி மறுபடி எறங்கிடுது. பாதாம் வழவழன்னு முட்ட வடிவத்துல இருக்கறதால முழுசாவே நல்லா அடுக்கிக்கும். இதுக்கு ஆராய்ச்சியே இருக்குங்க, அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல எம் அண்ட் எம் மிட்டாய டப்பாவுல கொட்டி குலுக்கிப் பாத்து, உருண்டையா இருக்கறத விட தட்டையா நீள்வட்டமா இருக்கறது நெருக்கமா அடங்குதுன்னு 2004ல சயின்ஸ் பத்திரிகைல போட்டாங்க. மிட்டாய் வச்சு ஆராய்ச்சி பண்ண சம்பளம் குடுக்கற எடமும் இருக்கு.

இப்ப நேரா கோளாறுக்கு வருவோம்.

கத்லி, பர்ஃபி இறுகவே மாட்டேங்குது, கையில ஒட்டுது

பருப்பு கொறஞ்சு சர்க்கரை கூடியிருக்கு, பத்துல எட்டு தடவ இது தான். எப்படி கொறஞ்சுதுன்னு மூணு வழில பாக்கலாம்.

ஒண்ணு நான் பண்ண தப்பு, மிலிய கிராமா நெனச்சது. 250 கிராம் முந்திரி வேணும்னா 240 மிலி கப்புல முழுசா ஒண்ணே முக்கால் கப்பும் மேல ஒரு டேபிள்ஸ்பூனும் வேணும். நான் போட்டது ஒரு கப்பு. 140 கிராம் முந்திரிக்கு 175 கிராம் சர்க்கரைன்னா அது எப்படி உருளும்.

ரெண்டாவது, குறிப்புல "முந்திரி 2 கப்பு"ன்னு இருக்கும், அவங்க முழு முந்திரிய அளந்து அப்புறம் அரைச்சிருப்பாங்க, நீங்க ஏற்கனவே பொடிச்சு டப்பால வச்சிருந்த பொடிய 2 கப்பு எடுத்துருப்பீங்க. முழுசு 2 கப்பு 275 கிராம், பொடி 2 கப்பு 220 கிராம். 55 கிராம் காத்துல போச்சு. வீடியோல பாத்து செய்யும்போது இத கண்டுபிடிக்க ஈசி, அவங்க கப்புல அள்ளும்போது என்ன தெரியுதுன்னு பாருங்க, பேச்ச நம்பாதீங்க. சில பேரு வாயில "ஒரு கப்பு முந்திரி பொடி"ம்பாங்க, கை முழு முந்திரிய அள்ளும்.

மூணாவது, சலிச்சது. பொடிச்சு சலிச்சு மேல நின்ன கொரகொரப்ப தூக்கி வேற டப்பால போட்டுட்டா அந்த எடையும் போயிடுச்சு. அத திரும்ப மிக்ஸில ஒரு சுத்து விட்டு சேர்த்துடணும், இல்ல சலிச்சதுக்கு அப்புறம் அளக்கணும்.

சரி இப்ப அடுப்புல கெடக்குதே அத என்ன பண்றது? உங்ககிட்ட முந்திரி இன்னும் இருந்தா கொறஞ்ச எடைக்கு பொடிச்சு சேருங்க, 100 கிராம் கொறஞ்சிருந்தா பொடியா கிட்டத்தட்ட ஒரு கப்பு. ஒரேயடியா கொட்டாதீங்க, கால் கப்பு கால் கப்பா போட்டு கிண்டி, கொஞ்சூண்டு எடுத்து ஆற வச்சு உருட்டிப் பாருங்க, விரல்ல ஒட்டாம உருண்டா போதும் நிறுத்திடுங்க. முந்திரி தீந்துபோச்சுன்னா பால் பவுடர் ரெண்டு மூணு ஸ்பூன் போட்டு தேத்தலாம், ருசி கொஞ்சம் பேடா பக்கம் சாயும், யாரும் கேஸ் போட மாட்டாங்க. பருப்பு அளவு சரியா இருந்தும் இறுகலன்னா அப்ப தப்பு பாகுல, கம்பிப் பதம் வர்றதுக்கு முன்னாடியே பொடிய கொட்டிட்டீங்க, இன்னும் கொஞ்ச நேரம் கிண்டினா சரியாகிடும்.

உதிருது, வில்லை போட்டா விரிசல் விடுது

மேல சொன்னதோட தலகீழ். குறிப்பு பொடி 2 கப்புன்னு சொல்லுது, நீங்க முழுசா 2 கப்பு அளந்து பொடிச்சுட்டீங்க, 220 போட வேண்டிய எடத்துல 275 போயிருக்கு. வெதுவெதுப்பா இருக்கும்போதே ஒரு டீஸ்பூன் பால் தெளிச்சு நெய் தடவின கையால பிசைஞ்சா சேர்ந்துக்கும். ஒரேயடியா பால ஊத்தினா மறுபடி மேல இருக்கற கோளாறுக்கு போயிடுவீங்க. பால் சேர்த்தத ரெண்டு மூணு நாளுக்குள்ள முடிச்சுடுங்க.

10 முந்திரி தான் போட்டேன், குருமா ஒரு நாள் தண்ணி, ஒரு நாள் களி

எண்ணிக்கைல குறிப்பு எழுதறது நம்ம ஊர் வழக்கம், எனக்கு அதுல தப்பே தெரியல, கப்ப விட அது நல்லதுன்னு கூட சொல்வேன், ஆனா முந்திரி சைஸ் தெரியணும். கடைல டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320ன்னு போட்டிருக்கும் பாத்திருப்பீங்க, அந்த நம்பர் வேற ஒண்ணும் இல்ல, ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, அதிகபட்சம் எத்தன முழு முந்திரி நிக்கும்ங்கறது தான். நம்பர் ஏற ஏற பருப்பு சின்னது. ஆக டபிள்யூ 320ல ஒரு முந்திரி ஒண்ணரை கிராமுக்கு ஒரு பொட்டு கம்மி, 240ல ரெண்டு கிராம், 180ல ரெண்டரை கிராம். பத்து முந்திரின்னா ஒண்ணுல 14-15 கிராம், இன்னொண்ணுல 25க்கு மேல. பண்ருட்டி பக்கம் போயிட்டு வந்த சொந்தக்காரங்க பெருசு பெருசா வாங்கிட்டு வந்து குடுத்துருப்பாங்க, அத பத்து போட்டு அரைச்சிருப்பீங்க, குருமா களியாகாம என்ன ஆகும்.

இந்த நம்பர் தெரிஞ்சா தராசே வேணாம், 50 கிராம் முந்திரி வேணும்னா 320ல 35 எண்ணிக்கோங்க, 180ல 20. சின்ன அளவுக்கு டேபிள்ஸ்பூன்ல முழு முந்திரிய அளக்கறது சும்மா வேல, ஒரு ஸ்பூன்ல நாலு நிக்கும் இன்னொரு தடவ ஆறு நிக்கும். பாதாமும் இதே மாதிரி எண்ணலாம், ஒரு பாதாம் சுமாரா 1.2 கிராம், 23 எண்ணினா ஒரு அவுன்ஸ், 28 கிராம். அரைக்கறதுக்கு முழு முந்திரி வாங்கறத நிறுத்துங்க, துண்டு முந்திரி வெல கம்மி, ருசில ஒரு வித்தியாசமும் கெடையாது, ஆனா அத எண்ண முடியாது, எடை போட்டு தான் ஆகணும்.

வெளிநாட்டு குறிப்புல 8 அவுன்ஸ் இருந்துச்சு, ஒரு கப்பு போட்டேன், கேக்குல பருப்பே தெரியல

8 அவுன்ஸ் ஒரு கப்புன்னு எல்லாருக்கும் மனப்பாடம், ஆனா அது திரவ அவுன்ஸ், பால் தண்ணி எண்ணெய்க்கு. பருப்புக்கு போட்டிருக்கறது எடை அவுன்ஸ், ஒண்ணுக்கு 28.35 கிராம், எட்டுக்கு 227 கிராம். முழு பாதாம்ல 227 கிராம்னா ஒண்ணரை கப்புக்கு மேல, பாதி வால்நட்ல ரெண்டே கால் கப்பு. நீங்க போட்ட ஒரு கப்புல வால்நட்ல பாதிக்கும் கீழ தான் போயிருக்கு. ரெண்டுக்கும் ஏன் ஒரே பேரு வச்சாங்கன்னு தெரியாம எத்தன கேக்கு அநியாயமா போச்சோ.

இலங்கைக்காரங்க இத இன்னும் நல்லா அனுபவிச்சிருப்பாங்க, அங்க பழைய ரிச் கேக், லவ் கேக் குறிப்பெல்லாம் ராத்தல்லயும் (பவுண்டுக்கு அங்க அதான் பேரு) அவுன்ஸ்லயும் தான் இருக்கும், கஜு, அதான் முந்திரி, அரை ராத்தல்னு இருந்தா அது இதே 227 கிராம் தான். லவ் கேக்குல ரவையோட கஜுவும் நெறைய நிக்கணும், அங்க பாதிய விட்டா கேக்கோட குணமே மாறிடும். குறிப்புல அவுன்ஸ்னு பாத்தா ஒரே கேள்வி, ஊத்தற பொருளா அள்ளற பொருளா? அள்ளறதுன்னா 28ஆல பெருக்குங்க.

இன்னொண்ணு, ஆஸ்திரேலியா குறிப்புன்னா கப்பு 250 மிலி, டேபிள்ஸ்பூன் 20 மிலி. நம்மகிட்ட இருக்கற செட்டுல டேபிள்ஸ்பூன் 15 தான். கப்பு பெருசா பாதிக்காது, "4 டேபிள்ஸ்பூன் பாதாம் மாவு"ன்னு இருந்தா பாதிக்கும்.

பிரௌனி வெட்டினா நொறுங்குது, ஒரே பருப்பா இருக்கு

குறிப்ப திரும்ப படிங்க. "நறுக்கின பாதாம் ஒரு கப்பு"ன்னா நறுக்கிட்டு அளக்கணும். "பாதாம் ஒரு கப்பு, நறுக்கிக்கவும்"னா அளந்துட்டு நறுக்கணும். ஒரு கமா தான். வால்நட்டுக்கு இது 100க்கும் 117க்கும் நடுவுல இருக்கற சண்ட, இதுக்கெல்லாம் தூக்கம் கெட வேணாம். ஆனா சீவின பாதாம்ல மாட்டுவீங்க, ஒரு கப்பு சீவினது 90 கிராம், அது கைவசம் இல்லன்னு முழு பாதாம் ஒரு கப்பு எடுத்து நீங்களே சீவினா 143 கிராம், ஒண்ணரை மடங்கு. மேல தூவறதுன்னா பரவால்ல, மாவுக்குள்ள போறதுன்னா கேக்கு தாங்காது.

பாதாம் மாவு பிஸ்கட் வறண்டு போச்சு, அடுத்த தடவ பண்ணா பரந்து ஒழுகுது

ஒரே குறிப்பு, ஒரே கப்பு, ஒரே ஆளு, ரெண்டு விதமா வருதுன்னா அள்ளற விதத்துல தான் கோளாறு. பாக்கெட்டுக்குள்ள கப்ப விட்டு குத்தி அள்ளினா மாவு அழுந்தி 110, சில சமயம் 120 கிராம் வரைக்கும் போகும். ஸ்பூனால அள்ளி கப்புல தூவி மேல கத்தியால வழிச்சா 95. ரெண்டு கப்புக்கு 50 கிராம் வரைக்கும் வித்தியாசம், பிஸ்கட்டுக்கு இது ஜாஸ்தி. ஃபிரிட்ஜுல வச்ச மாவு கட்டி கட்டியா இருக்கும், உதுத்து விட்டுட்டு அளங்க. 200 கிராம் வேணும்னா தூவி அளந்து ரெண்டு கப்பும் ஒண்ணரை டேபிள்ஸ்பூனும்.

வீட்டுலயே அரைக்கறவங்களுக்கு, ஒரு கப்பு முழு பாதாம் அரைச்சா ஏறக்குறைய ஒண்ணரை கப்பு மாவு வரும். விட்டு விட்டு சுத்தணும், தொடர்ந்து ஓட விட்டா சூடாகி எண்ணெய் கக்கி களிம்பு ஆகிடும், அப்புறம் அத கப்புல அளக்கறதுல அர்த்தமே இல்ல, ஏன்னா உள்ள காத்து போயிடுச்சு, கப்புக்கு 250 கிராம் தாண்டிடும். அப்படி ஆனத தூக்கிப் போடாதீங்க, இன்னும் ரெண்டு நிமிஷம் ஓட விட்டு ரொட்டில தடவி சாப்பிடுங்க. பாதாம் மாவுல பிரெஞ்சு மாக்கரான் பண்ணப்போறவங்க தயவுசெஞ்சு கப்ப தொடாதீங்க. தராசு வாங்கற வரைக்கும் வேற ஏதாச்சும் பண்ணுங்க.

ஒரு கிலோ வாங்கினேன், பாதி தான் தேறுச்சு

ஓட்டோட வாங்கினீங்களா? வேர்க்கடலைல நூத்துக்கு 70-75 பருப்பு, பிஸ்தால பாதிக்கு கொஞ்சம் மேல, வால்நட்ல 45, ஓட்டு பாதாம்ல 40 தான் தேறும். குறிப்புல 100 கிராம் பிஸ்தான்னு இருந்தா அது பருப்பு தான், ஓட்டோடன்னா 190-200 கிராம் வாங்கணும். உப்பு போட்ட வறுத்த பிஸ்தா தான் கெடைச்சுதுன்னா ஓடு எடுத்து ஒரு தடவ தண்ணில அலசி துணில தொடைச்சு காய விடுங்க, இல்லன்னா பாதாம் அல்வா மேல தூவினது தனியா கரிக்கும்.

வறுத்தேன், ஊற வச்சேன், தோல் உரிச்சேன், கணக்கு ஒதைக்குது

பச்ச வேர்க்கடலைல நூத்துக்கு 6-7 தண்ணி இருக்கு, வறுத்தா அதுல பெரும்பகுதி போயிடும், தோலு ஒரு 3 போகும். 500 கிராம் பச்சயா வாங்கி வறுத்து புடைச்சா கைல 460 கிராம் பக்கம் நிக்கும். கப்பு கணக்குல பெருசா தெரியாது, ஏன்னா கடலையோட உருவம் அப்படியே தான் இருக்கு, வெயிட்டு தான் கொறையுது. வித்துக்கறதுக்கு பண்றவங்க வெல போடும்போது இந்த 40 கிராம மறந்துடாதீங்க, நான் மறந்தேன், ஒரு சீசன் முழுக்க.

ஊற வச்ச பாதாம் இதுக்கு நேர் எதிர். தண்ணி குடிச்சு உப்பி நிக்கும், ஊறினத ஒரு கப்பு எடுத்தா பாதாம் கொறைவு, தண்ணி ஜாஸ்தி, அல்வா கிண்ட கிண்ட வத்திக்கிட்டே போகும், நெய் மட்டும் தட்டுல நிக்கும். பாதாம் அல்வாவுக்கு எப்பவும் காஞ்ச பாதாம அளந்து தான் ஊற போடணும். ராத்திரி அளக்காம கண்ணுமண்ணு தெரியாம ஊற போட்டுட்டீங்கன்னா காலைல எண்ணிப் பாருங்க, ஊறினாலும் எண்ணிக்கை மாறாது, ஒண்ணுக்கு 1.2 கிராம் போட்டு பெருக்கிக்கோங்க. 120 பாதாம் ஒரு கப்பு.

தராசுல தான் அளந்தேன், அப்பவும் தப்பா வருது

முதல்ல திரைல ஓரமா குட்டியா என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. கிராம்ல இருக்கணும். நம்ம வீட்டு பிள்ளைங்க அந்த பட்டன அமுக்கி விளையாடி மிலிலயோ அவுன்ஸ்லயோ விட்டுருப்பாங்க. மிலின்னு காட்டற தராசு எடைய தண்ணியாவோ பாலாவோ நெனச்சு காட்டுது, அத பாத்து "ஆக இது 140 மிலி முந்திரி"ன்னு எடுத்தா மறுபடி என் கத்லி தான்.

அடுத்து, கொஞ்சம் கொஞ்சமா போட்டீங்களா? நெறைய வீட்டு தராசு ஒவ்வொண்ணா மெதுவா போட்டா எடை ஏறுனத கவனிக்காது, சத்தமில்லாம திரும்ப பூஜ்யத்துக்கு வந்துடும், நீங்க ஆறு பாதாம் போட்டும் 0ன்னு நிக்கும். ஒரு கைப்பிடியா போடுங்க, இல்ல கிண்ணத்த தூக்கி, அதுல போட்டுட்டு திரும்ப வைங்க. அடியில துணி இருக்க கூடாது, கிரானைட் மேடைல வைங்க.

தராசே சரியான்னு சந்தேகம்னா 10 ரூபா காசு பத்து வைங்க, ஒரு காசு 7.7 கிராம், பத்துக்கு 77 பக்கம் காட்டணும். 80 தாண்டினா பேட்டரி மாத்துங்க, அப்பவும் அப்படின்னா தராச மாத்துங்க.

தராசே இல்லாதவங்க ஒரு தடவ ஒரு வேல பண்ணிடுங்க. 200 கிராம் பாக்கெட்டு புதுசா பிரிக்கும்போது மொத்தத்தையும் உங்க கப்புல அளந்து, ஒண்ணே கால் வந்துச்சா ஒண்ணரை வந்துச்சான்னு மார்க்கர்ல டப்பா மேல எழுதிடுங்க, "இந்த கப்பு = இத்தன கிராம்"னு. முந்திரிக்கு ஒண்ணு, பாதாமுக்கு ஒண்ணு, கடலைக்கு ஒண்ணு. நான் மேல குடுத்த நம்பர விட அந்த டப்பா மேல இருக்கற நம்பர் தான் உங்களுக்கு ஒசத்தி. 50 கிராம் மட்டும் வேணும்னா பாக்கெட்ட தட்டுல கொட்டி ரெண்டா பிரிச்சு, அதுல ஒண்ண மறுபடி ரெண்டா பிரிச்சா போதும், கண்ணளவுங்கறதால கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்.

கடலை மிட்டாய் பல்லுல ஒட்டுது

எல்லாரும் உடனே கடலை அளவ தான் சந்தேகப்படறாங்க. கடலை இங்க நிரபராதிங்க. கடலை கப்புக்கு 10 கிராம் முன்னபின்ன போனா மிட்டாய்ல கடலை கொஞ்சம் நெருக்கமாவோ இடைவெளி விட்டோ இருக்கும், அவ்ளோ தான், ஒட்டாது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு குடுத்தாங்களே, அங்க கைப்பக்குவம் முழுக்க பாகுல தான் இருக்கு.

அளவுல சந்தேகம் வந்தே ஆகணும்னா வெல்லத்த புடிங்க. உடைச்ச வெல்லம் ஒரு கப்புக்கு நடுவுல பொத்தல் பொத்தலா காத்து, பொடிச்ச வெல்லம் ஒரு கப்புல இடைவெளியே இல்ல, ஈரமா இருந்தா இன்னும் அமுங்கி உக்காரும். உடைச்சத அளந்து எழுதின குறிப்புக்கு நீங்க பொடிச்சத அளந்து போட்டா வெல்லம் கூடிடும், கடலைய மூழ்கடிச்சு மிட்டாய் இனிப்பு பாறையாகும். ஆனா அப்பவும் ஒட்டாது. ஒட்டுதுன்னா பாகு எறக்கினது சீக்கிரம். ஒரு சொட்டு பாக தண்ணில விட்டு எடுத்து தட்டு மேல போடுங்க, டங்குன்னு கண்ணாடி மாதிரி சத்தம் வரணும், கடிச்சா உடையணும், நசுங்க கூடாது. நசுங்கினா இன்னும் ரெண்டு நிமிஷம் அடுப்புலயே விடுங்க, கைய எடுக்காம கிண்டிட்டே.